விடிய விடிய நாடகம் - வாசகர் கேள்வி பதில்

ஆடி நெருங்கும்போது சேலத்திலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் வரும் கடிதங்களில் பாதி நாடகத்தைப் பற்றித்தான். இந்த இதழ் முழுக்க அவற்றுக்கே.

ஏழு வயசுப் பேத்தியையும் பத்து வயசுப் பேரனையும் 'வள்ளி திருமணம்' பார்க்கக் கூட்டிப்போக ஆசை. நோட்டீஸில் இரவு 10 மணி என்று போட்டிருக்கிறார்கள். விடிய விடியப் பிள்ளைகளை உட்காரவைக்க முடியாது. எந்த நேரத்துக்குப் போனால் முக்கியமான கட்டங்களைப் பார்க்கலாம்?
- ஒரு பாட்டி, குகை

பத்து மணி என்று போட்டிருந்தால் பத்தரை, பதினொன்றுக்குத்தான் ஆர்மோனியப் பெட்டி திறக்கும். முதலில் வாத்தியக்காரர்கள் கடவுள் வாழ்த்துப் பாடுவார்கள். அடுத்து பபூன் வந்து தனியாகப் பேசிப் பாடுவார். பிறகு டான்ஸ் வேஷக்காரி வருவார். இருவரும் சேர்ந்து நள்ளிரவைத் தாண்டியும் இழுப்பார்கள். கதைக்கும் இந்தப் பகுதிக்கும் சம்பந்தமில்லை. இரட்டை அர்த்தப் பேச்சும் நிறைய இருக்கும். பிள்ளைகளுக்கு இது வேண்டாம்.

கதை தொடங்கும்போது கிட்டத்தட்ட ஒரு மணி ஆகிவிடும். வள்ளி தினைப்புனம் காக்க வருவாள், நாரதர் வந்து அவளோடு தர்க்கம் செய்வார், அதுவே ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஓடும். பெரியவர்களுக்கு அது விருந்து. பிள்ளைகள் அதில்தான் தூங்கிவிழுவார்கள். பிள்ளைகளுக்கான பகுதி கடைசியில் இருக்கிறது: வேடன் வேஷத்தில் முருகன், பிறகு தள்ளாடும் கிழவன், தேனும் தினைமாவும் கேட்பது, விக்கல் எடுப்பது, யானை வருவது. யானை சில இடங்களில் வேஷம் போட்ட ஆளாக வரும், சில இடங்களில் பிளிறல் சத்தம் மட்டும் வரும். இதெல்லாம் பெரும்பாலும் விடியற்காலை மூன்றரை மணிக்கு மேல்தான்.

அதனால் எட்டு மணிக்கே சோறு ஊட்டித் தூங்கவையுங்கள். மூன்று மணிக்கு எழுப்பி, முகம் கழுவிவிட்டு, ஒரு டம்ளர் பால் கொடுத்துக் கூட்டிப்போங்கள். அந்நேரம் முன்வரிசைக் கூட்டம் கலைந்திருக்கும், மேடைக்குப் பக்கத்திலேயே பாயில் இடம் கிடைக்கும். திருமணம் முடிந்து மங்களம் பாடும்போது கிழக்கு வெளுத்திருக்கும். கிளம்பும் முன் விழாக்குழுவில் ஒருவரிடம் "கதை எதுவரைக்கும் வந்திருக்கிறது?" என்று போனில் கேட்டுவிடுங்கள். ராஜபார்ட் (நாயகன் வேஷம்) நடிகர் வந்துசேரத் தாமதமானால் எல்லாமே ஒரு மணி நேரம் தள்ளிப்போகும்.

சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். மேடையில் பாதிக்கு மேல் புத்தகத்தில் இல்லை. இது சரியா?
- வாசகர், சூரமங்கலம்

சரிதான். நீங்கள் பார்த்தது ஸ்பெஷல் நாடகம். கம்பெனி நாடகத்தில் ஒரே குழு மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து நடிக்கும். ஸ்பெஷலில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் (நாயகி வேஷம்), நாரதர், பபூன் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, தனித்தனி ஊரிலிருந்து வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் முதல்முறையாகச் சந்தித்துக்கொள்வார்கள் என்றாலும் ஆச்சரியமில்லை. ஆனாலும் நாடகம் குலையாமல் நடக்கிறதென்றால், 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து 1922இல் மறைந்த சுவாமிகள் போட்டுக்கொடுத்த அடித்தளம் அவ்வளவு உறுதி. இன்ன காட்சிக்கு இன்ன விருத்தம், இன்ன பாட்டு, இன்ன வசனம் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அதன்மேல் அவரவர் சரக்கை ஏற்றுகிறார்கள்.

அடுத்தமுறை புத்தகத்தை வீட்டில் படித்துவிட்டு, கையை வீசிக்கொண்டு போங்கள். மேடையில் நடிகரின் முகத்தோடு ஆர்மோனியக்காரரின் கையையும் கவனியுங்கள். வசனம் முடியும் இடத்தில் நடிகர் அந்தப் பக்கம் லேசாகத் திரும்புவார். ஆர்மோனியம் ஒரு கட்டையை அழுத்திப் பிடிக்கும். தாளமில்லாமல் விருத்தம் எழும். அப்போது மிருதங்கக்காரரின் கை தோலின்மேல் சும்மா கிடக்கும். விருத்தத்தின் கடைசிச் சொல் பாட்டின் முதல் சொல்லாகும்போதுதான் அந்தக் கை விழும். ஒத்திகையே இல்லாத நாலைந்து பேர் ஒரே நொடியில் சேருவது அங்கேதான். தர்க்கத்தில் இன்னும் கடினம்: ஒருவர் பாட்டில் கேள்வி கேட்டால், எதிராளி அதே மெட்டில் பதில் சொல்ல வேண்டும். பதில் தடுமாறினால் ஆர்மோனியக்காரர் பின்பாட்டை நீட்டி நேரம் வாங்கிக்கொடுப்பார். பின்பாட்டு வழக்கத்தைவிட நீண்டால், யாரோ மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம்.

ஏன் எல்லோரும் உச்சஸ்தாயியில் கத்துகிறார்கள்?
- கல்லூரி மாணவர், ஐந்து ரோடு

மைக் இல்லாத காலத்தில் பல நூறு பேர் உட்கார்ந்த கொட்டகையின் கடைசி ஆள்வரை குரல் போகவேண்டியிருந்தது. தாழ்ந்த குரல் பாதி வழியில் அடங்கிவிடும். நாலரைக் கட்டை, ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாடினால் சொல் கூர்மையாகப் போய்ச்சேரும். அந்தக் கால நாடக மேடைப் பாடகர்கள் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் பேர் வாங்கியது அந்தக் குரலால்தான். மைக் வந்த பிறகும் பாணி மாறவில்லை. மாறவேண்டியது ஒலிபெருக்கிக்காரர் வைக்கும் சத்த அளவுதான்.

நேரு கலையரங்கம் மாதிரிப் பெரிய அரங்கில் நாடகம் பார்க்க எந்த வரிசை நல்லது? போனமுறை முதல் வரிசையில் உட்கார்ந்தும் பாதி வசனம் கேட்கவில்லை.
- வாசகி, அஸ்தம்பட்டி

முதல் வரிசையில் உட்கார்ந்ததால்தான் கேட்கவில்லை. ஒலிபெருக்கிகள் மேடையின் இரு ஓரத்திலும் இருக்கும், அவற்றின் சத்தம் முன்வரிசைக்காரர்களின் தலைக்கு மேலேயும் பக்கவாட்டிலும் போய்விடும். கழுத்தையும் அண்ணாந்து வைத்திருக்க வேண்டும், நடிகரின் பாதம் தெரியாது. ஐந்தாவது வரிசையிலிருந்து எட்டாவது வரிசைக்குள், நடு நாற்காலிகளுக்கு இரண்டு பக்கமும் நாலைந்து இடத்துக்குள் உட்காருங்கள். முகபாவமும் தெரியும், முழு மேடையும் கண்ணில் அடங்கும். அரங்கில் மாடி இருந்தால் அதன் அடியில் வரும் கடைசி வரிசைகள் வேண்டாம், அங்கே சத்தம் மழுங்கிவிடும். ஓர இருக்கையில் உட்கார்ந்தால் பக்கத் திரைக்குப் பின்னால் காத்து நிற்பவர்கள் தெரிவார்கள். அடுத்து யார் வரப்போகிறார் என்று முன்னாடியே தெரிந்துவிட்டால் காட்சியின் சுவை போய்விடும்.

மேடை விளிம்பில் வைக்கும் மைக் ஆறேழு அடிக்குள் பேசுவதைத்தான் நன்றாக எடுக்கும். நடிகர் பின்னால் நகர்ந்தாலோ முகத்தைத் திருப்பினாலோ குரல் விழுந்துவிடும். சட்டையில் மாட்டும் மைக்கில் பதக்கமும் சங்கிலியும் உரசிக் கரகரக்கும். இரண்டும் பார்வையாளர் கையில் இல்லை. ஆனால் தலைக்கு மேலே மின்விசிறி இரைந்தால், நாடகம் தொடங்கும் முன்பே எழுந்துபோய் அரங்கப் பொறுப்பாளரிடம் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். தொடங்கிய பிறகு யாரும் செய்ய மாட்டார்கள்.

'மனோகரா' மேடை நாடகம் பார்த்தோம். படத்தில் வரும் வசனமே இல்லை, ஏமாற்றமாக இருந்தது.
- குடும்பத்தோடு போன வாசகர், அம்மாபேட்டை

இரண்டும் வேறு வேறு எழுத்து. நாடகத்தை எழுதியவர் பம்மல் சம்பந்த முதலியார் (1873-1964). சென்னையில் 1891இல் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கி, பாட்டைக் குறைத்து உரைநடையை மேடைக்குக் கொண்டுவந்தவர். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை 'அமலாதித்தன்' என்றும், வெனிஸ் வணிகனை 'வாணீபுர வணிகன்' என்றும் தமிழ் மேடைக்குத் தந்ததும் அவர்தான். 1954இல் வந்த படத்துக்கு வசனம் மு. கருணாநிதி. நீங்கள் எதிர்பார்த்துப் போன அடுக்குமொழி அவருடையது.

ஏற்காடு சாலையில் 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவின் வளைவைப் பார்த்து வளர்ந்த சேலத்துக்காரர்களுக்குப் பட வசனம் காதிலேயே ஊறியிருக்கும். அதைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு நாடகத்தைப் பாருங்கள். பம்மலின் மொழியில் வடசொல் அதிகம், வேகம் குறைவு. அதற்குப் பதிலாகத் தாய் பத்மாவதியின் பொறுமை படிப்படியாக உடைவதை அங்கே பார்க்க முடியும். மகன் மனோகரன் எத்தனை முறை அம்மாவின் முகத்தைப் பார்க்கிறான் என்று கவனித்தீர்களானால், அவன் கை கட்டப்பட்டிருப்பது சங்கிலியாலா அம்மாவின் சொல்லாலா என்று தெரிந்துவிடும். போகும் முன் கதைச்சுருக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். அரசன் புருஷோத்தமன், அவன் ஆசைநாயகி வசந்தசேனை, அவள் மகன் வசந்தன், இந்த மூன்று பெயரும் தெரிந்தால் போதும்.

எங்கள் ஊரில் பாரதக் கூத்து கட்டுகிறார்கள். சென்னையிலிருந்து வரும் அண்ணன் மகன்கள் இதுவரை கூத்து பார்த்ததில்லை. எங்கே உட்காரவைக்கலாம், என்ன சொல்லிவைக்கலாம்?
- வாசகர், மேச்சேரி

வாத்தியக்காரர்கள் பின்னால் பெஞ்சில் உட்காருவார்கள். கூட்டம் மற்ற மூன்று பக்கமும் உட்காரும். வாத்தியத்துக்கு நேர் எதிரே, பதினைந்து இருபது அடி தள்ளி உட்காரவையுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம். கட்டை வேஷக்காரர் (மரக் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டியவர்) சுழன்று ஆடும்போது அவருக்கு வட்டமாக இடம் வேண்டும், புழுதியும் பறக்கும்.

முதல்முறை பார்ப்பவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டியது திரை வருகை. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடும், கீழே சலங்கைக் கால் மட்டும் தெரியும். உள்ளேயிருந்தே அவர் தன்னைப் பற்றிப் பாடுவார், கோமாளி "யாரப்பா அது?" என்று கேட்பார். முகம் தெரியக் கால் மணி நேரம்கூட ஆகும். பிள்ளைகள் "ஏன் இன்னும் காட்டவில்லை?" என்று நச்சரித்தால், அந்த ஆவலை உண்டாக்கத்தான் திரையே என்று சொல்லுங்கள். கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மாதிரி எடை குறைந்த மரத்தில் செய்தவை. கனமான மரமாக இருந்தால் இராத்திரி முழுக்கச் சுமந்துகொண்டு ஆட முடியாது.

துகிலுரிதல் என்றால் உச்சக்கட்டம் விடியலுக்குச் சற்று முன்புதான். பல இடங்களில் துச்சாதனன் வேஷக்காரர் கற்பூரம் காட்டிக் கும்பிட்டுவிட்டுத்தான் சேலையில் கை வைப்பார். அப்போது களரியே (கூத்து ஆடும் இடமே) கோயிலாகிவிடும், ஊர்ப் பெண்கள் எழுந்து நிற்பார்கள். உங்கள் பிள்ளைகளும் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நிற்கட்டும். செல்போன் விளக்கை அந்த நேரத்தில் யாரும் போடக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஏற்காட்டில் திறந்தவெளி மேடையில் இசை நாடகம் போட்டோம். ஆர்மோனியமும் மிருதங்கமும் ஒன்றுக்கொன்று சேரவே இல்லை. மிருதங்கக்காரர் நல்ல கைக்காரர்தான். என்ன காரணம்?
- விழாக்குழு உறுப்பினர், ஏற்காடு

காரணம் உங்கள் ஊர் மூடுபனி. மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் தோல். ஈரக்காற்று பட்டால் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். ஆர்மோனியத்தின் உலோக நாக்குகள் அப்படி இறங்காது. கீழே சேலத்து வெக்கையில் சரியாகச் சேர்த்துக் கொண்டுவந்த வாத்தியம், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஐயாயிரம் அடிக்கு வந்ததும் இறங்கித்தான் நிற்கும். வலந்தலையின் (வலது பக்கத் தோலின்) விளிம்புப் பின்னலைக் கல்லால் கீழ்நோக்கித் தட்டினால் சுருதி ஏறும், மேல்நோக்கித் தட்டினால் இறங்கும். ஆனால் பனி இறங்க இறங்க ஒவ்வொரு பாட்டுக்கும் தட்டிக்கொண்டிருக்க முடியாது.

அடுத்தமுறை வாத்தியக்காரர்களைக் குறைந்தது மூன்று மணி நேரம் முன்னதாக மேலே வரச்சொல்லுங்கள், வாத்தியம் மலைக்காற்றுக்குப் பழகட்டும். வாத்தியக்காரர் உட்காரும் இடத்துக்கு மேலேயும் பின்னாலேயும் தார்ப்பாய் கட்டுங்கள். சிமெண்டுத் தரையில் நேராக உட்காரவைக்காமல், பலகை போட்டு அதன்மேல் ஜமக்காளம் விரியுங்கள். பாட்டில்லாத நேரத்தில் மிருதங்கத்தைக் கம்பளியால் மூடிவைக்கட்டும். இரண்டாவது மிருதங்கம் ஒன்று தயாராக இருந்தால் நல்லது. தொப்பிப் பக்கம் (இடது பக்கம்) ஒட்டும் ரவைப் பசையையும் மேலே வந்த பிறகு புதிதாகப் பிசைந்து ஒட்டச் சொல்லுங்கள்.

கீழேயிருந்து வரும் பார்வையாளர்களுக்காக நாடகத்தை மாலை நாலரைக்கே தொடங்கிவிடுங்கள். இருட்டிலும் பனியிலும் அந்த வளைவுகளில் இறங்கவைப்பது நல்லதல்ல.

கோயில் விழாவுக்கு முதல்முறையாக 'அரிச்சந்திரா' நாடகம் வைக்கிறோம். மேடை, மின்சாரம், அனுமதி பற்றி விவரமாகச் சொல்லுங்கள்.
- விழாக்குழு, ஓமலூர் அருகே

அனுமதியிலிருந்து தொடங்குங்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்வு தரலாம். காவல் நிலையத்தில் மூன்று வாரம் முன்பே மனுக் கொடுத்து, எத்தனை மணி வரை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் பார்த்த பிறகுதான் நடிகர்களிடம் நேரம் பேச வேண்டும். 'விடிய விடிய' என்று நோட்டீஸ் அடித்துவிட்டுப் பிறகு பாதியில் நிறுத்த நேர்ந்தால் சந்திரமதி மயானத்துக்கே வந்திருக்க மாட்டாள். மாலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடிக்க வேண்டுமானால், பபூன் பகுதியை அரை மணிக்குச் சுருக்கி, மயான காண்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். நடிகர்கள் ஒத்துக்கொள்வார்கள், முன்பே சொல்லியிருந்தால்.

மேடை அகலம் 20 அடி, ஆழம் 15 அடி இருந்தால் தாராளம். ஜனம் தரையில் உட்கார்ந்தால் உயரம் 3 அடி, நாற்காலி என்றால் 4 அடி. பலகைகளுக்கு நடுவில் இடைவெளி இருந்தால் ஆடுபவரின் கால்விரல் மாட்டும். மேலே பவானி ஜமக்காளத்தை இழுத்து ஓரத்தில் ஆணி அடியுங்கள். சுருக்கம் விழுந்தால் தடுக்கிவிடும். மேடைக்குப் பின்னால் மூன்று பக்கம் மறைத்து, 15க்கு 10 அடியில் வேஷம் போட ஒரு கொட்டகை வேண்டும். நடிகைகளுக்குத் தனித் தடுப்பும், பக்கத்திலேயே கழிப்பறையும் கட்டாயம். இதைப் பல குழுக்கள் மறந்துவிடுகின்றன. நள்ளிரவில் ஒரு பெண் அதற்காக யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்?

மின்சாரம்: 100 வாட் எல்இடி விளக்கு ஆறு, குழல் விளக்கு பத்து, மின்விசிறி நாலு, ஒலிபெருக்கி எல்லாம் சேர்ந்து இரண்டரைக் கிலோவாட் சுமார். 5 கேவிஏ ஜெனரேட்டர் போதும். ஆனால் கோயில் சீரியல் செட்டை அதே லைனில் கொடுக்காதீர்கள், ஒலிபெருக்கியில் 'ம்ம்ம்' என்று ரீங்காரம் வரும். ஜெனரேட்டர் மேடையிலிருந்து 100 அடியாவது தள்ளி, காற்று போகும் திசையில் இருக்கட்டும். ஒலிபெருக்கிப் பெட்டிகள் மைக்குகளுக்கு முன்னால், ஜனங்களைப் பார்த்து நிற்க வேண்டும். மைக்குக்குப் பின்னால் வைத்தால் ஊளையிடும். நாலு மைக்: மேடை விளிம்பில் இரண்டு, ஆர்மோனியக்காரருக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்று.

அன்பளிப்பு கொடுப்பவர்கள் பாட்டின் நடுவில் மேடையேறி ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். அதை முதல் அறிவிப்பிலேயே தடுத்து, காட்சி மாறும்போது வாங்கிக்கொள்ள ஒருவரை நியமியுங்கள்.

ஆடித் திருவிழாவில் சாமி வேஷம் போட்டு வண்டிகளில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கைக்கு என் மகனுக்கு கிருஷ்ணர் வேஷம். கூத்துக்காரர்கள் பூசும் அரிதாரத்தையே வாங்கிப் பூசலாமா?
- ஒரு அம்மா, குகை

பூசாதீர்கள். உண்மையான அரிதாரம் ஆர்சனிக் கலந்த கனிமம், அசல் செந்தூரத்தில் ஈயம் இருக்கும். பேர்தான் நிலைத்திருக்கிறதே தவிர, இப்போது பலரும் துத்தநாக வெள்ளையில் சாயம் கலந்துதான் பூசுகிறார்கள். குழந்தைக்கு, தோலுக்கென்றே விற்கும் வேஷப் பூச்சு வாங்கி, முந்தின நாள் முழங்கையின் உள்பக்கம் தடவிப் பாருங்கள். முதலில் தேங்காயெண்ணெய் மெல்லியதாக, அதன்மேல் நீலம் மெல்லியதாக இரண்டு தடவை. ஒரே தடவையில் தடிமனாகப் பூசினால் சிரிக்கும்போது வெடிக்கும். கலைக்கும்போது சோப்பைத் தொடாமல், எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டுக் கடலைமாவு போட்டுக் கழுவுங்கள்.

எழுபத்தெட்டு வயது அம்மா, மயான காண்டம் பார்க்க வேண்டும் என்கிறார். வீட்டில் "அதைப் பார்ப்பது அபசகுனம்" என்று தடுக்கிறார்கள். கூட்டிப்போகலாமா?
- மகள், ஆத்தூர்

கூட்டிப்போங்கள். நம் பக்கத்துக் கூத்தில் இறந்தவருக்காகப் பதினாறாம் நாள் 'கர்ண மோட்சம்' வைப்பது வழக்கம். துக்கத்தைச் சொல்லி அழுது ஆற்றுவதற்காகவே நாடகம் வைத்த ஊர்கள் இவை. லோகிதாசனை மடியில் போட்டுச் சந்திரமதி அழும் ஒப்பாரியும், பெற்ற பிள்ளை என்று தெரியாமல் அரிச்சந்திரன் கால் பணமும் முழத்துண்டும் கேட்பதும் உங்கள் அம்மாவுக்கு வரிவரியாகத் தெரிந்திருக்கும். அவர் வயதுக்காரர்கள் முடிவு தெரிந்தேதான் அழுவார்கள்.

முதுகு சாயும் நாற்காலி ஒன்று, கம்பளி ஒன்று, வெந்நீர் ஒரு பிளாஸ்க், இரவு மாத்திரை. வழி ஓரமாக உட்காரவையுங்கள், எழுந்து போக யாரையும் தாண்ட வேண்டியிருக்காது. அவர் அழுதால் தடுக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். விசுவாமித்திரர் வந்து பிள்ளை எழுந்து உட்காரும் வரை கிளம்பிவிடவும் வேண்டாம்.